அடுப்பு வகுத்த அளவு

இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் ராட்விண்டர் என்றொரு ஊர். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூர்த் தேவாலயத்தின் போதகராக இருந்தவர் வில்லியம் ஹாரிசன். தன் காலத்து இங்கிலாந்தின் ஊர், உணவு, உடை, சட்டம் எல்லாவற்றையும் பற்றி அவர் எழுதிய நூல் 1577-இல் முதன்முதலாக அச்சேறி, 1587-இல் விரிவாக்கப்பட்டு மறுபடியும் வந்தது. தன் மனைவி மாதம் ஒருமுறை பணிப்பெண்களோடு சேர்ந்து வீட்டில் பீர் காய்ச்சும் விதத்தை அவர் படிப்படியாகச் சொல்லியிருக்கிறார். எட்டு புஷல் அளவு மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), கூடவே கொஞ்சம் கோதுமை மாவும் ஓட்ஸும். முதலில் சுடவைக்கும் தண்ணீர் 80 கேலன். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 370 லிட்டர். இந்த 80 எப்படி வந்தது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்: அவர்கள் வீட்டு உலை கொள்ளும் அளவு அது. வீட்டில் எத்தனை பேர், மாதத்துக்கு எவ்வளவு குடிப்பார்கள் என்ற கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்தான். போகிற போக்கில் அவர் எழுதிய இந்தக் காரணத்துக்குள் வீட்டு பீரின் நானூறு ஆண்டுக் கதை அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஹாரிசன் செலவுக் கணக்கும் கொடுத்திருக்கிறார். மால்ட் 10 ஷில்லிங், விறகு 4 ஷில்லிங், கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ 20 பென்ஸ், வாசனைப் பொருள் 2 பென்ஸ், வேலையாட்களுக்குக் கூலியும் சாப்பாடும் 2 ஷில்லிங் 6 பென்ஸ், பாத்திரத் தேய்மானம் 20 பென்ஸ். மொத்தம் 20 ஷில்லிங். கிடைத்த பீர் 200 கேலனுக்குக் குறையாது. விறகுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்கு. ஹாப்ஸுக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. பாத்திரத் தேய்மானத்தையும் சேர்த்தால், நெருப்புக்கும் நெருப்பில் ஏறும் பாத்திரத்துக்கும் மட்டும் செலவில் கால் பங்குக்கு மேல் ஆகிறது. பீரின் வரலாற்றை எழுதுபவர்கள் ஹாப்ஸைப் பற்றியும் வரியைப் பற்றியும் காய்ச்சுவோர் சங்கங்களைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். அடுப்பைப் பற்றிய பேச்சு குறைவு. யார் வீட்டில் காய்ச்ச முடிந்தது, எவ்வளவு காய்ச்ச முடிந்தது, யார் கைவிட்டுக் கடையில் வாங்கத் தொடங்கினார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் மற்றக் காரணங்களுக்கு அடியில் வெப்பத்தின் அளவு இருக்கிறது என்பதே என் வாதம். இன்று வீட்டில் சிறு அளவில் காய்ச்ச நினைப்பவர் எந்த ஹீட்டரை வாங்குவது என்று குழம்புவதும் இதே கணக்கின் தொடர்ச்சிதான்.

ஹாப்ஸ் பரவுவதற்கு முன்பு இங்கிலாந்தில் குடித்தது ஏல். மால்ட்டை இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, இறங்கும் இனிப்புச் சாற்றை ஈஸ்ட் கலந்து நுரைக்க விடுவார்கள். ஊறலுக்கு வேண்டிய சூடு 65 முதல் 70 டிகிரி. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி அடங்கும்வரை காத்திருந்து, நீர்ப்பரப்பில் முகம் தெளிவாகத் தெரியும்போது மால்ட்டைக் கொட்டுவது வெப்பமானி வருவதற்கு முந்தைய கைப்பழக்கம். சாற்றை மறுபடி கொதிக்கவைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏலில் இல்லை. ஆகவே வீட்டில் இருக்கிற பானையே போதும். பானை சிறிதானால் இரண்டு மூன்று தடவை தண்ணீர் சுடவைத்துக் கொள்ளலாம். 1300 வாக்கில் கிராமத்துக்குக் கிராமம் பெண்கள் ஏல் காய்ச்சி, வீட்டுக்குப் போக மிச்சத்தை அக்கம்பக்கத்தில் விற்றதை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட் ஊர்மன்றப் பதிவேடுகளைக் கொண்டு விரிவாகக் காட்டியிருக்கிறார். உலோகக் கொப்பரையே இல்லாத இடத்திலும் வழி இருந்தது. ஆஸ்திரியாவின் கரிந்தியா பகுதியில் விவசாயிகள் கற்களை நெருப்பில் பழுக்கச் சுட்டு மரத்தொட்டிக்குள் போட்டுச் சூடேற்றினார்கள். மரத்தொட்டியை அடுப்பில் ஏற்ற முடியாது. அடுப்பில் ஏறும் பெரிய செம்புக் கொப்பரையின் விலை குடியானவருக்குக் கட்டாது. அந்தக் கல் பீர் முதல் உலகப் போர்க் காலம்வரை நீடித்தது.

ஏலின் குறை, சில நாளிலேயே புளித்துவிடும் என்பது. ஹாப்ஸ் அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் ஹாப்ஸின் கசப்பும் பாதுகாக்கும் குணமும் வெறும் ஊறலில் இறங்காது. சாற்றோடு சேர்த்து ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும். 1574-இல் ஹாப்ஸ் தோட்டம் போடுவதைப் பற்றி ரெஜினால்ட் ஸ்காட் எழுதிய நூலில் ஒரு கணக்கு வருகிறது: ஒரு புஷல் மால்ட்டில் ஏல் எட்டு ஒன்பது கேலன்தான் கிடைக்கும், ஹாப்ஸ் சேர்த்த பீரானால் 18, 20 கேலன் வரும். ஏலைக் கெடாமல் வைக்க மால்ட்டைக் கூட்டிச் சாற்றைக் கெட்டியாக்க வேண்டியிருந்தது. ஹாப்ஸ் வந்ததும் அந்தச் செலவு பாதியாயிற்று. மால்ட்டில் மிஞ்சிய காசில் ஒரு பங்கு விறகுக்குப் போயிற்று. இதை எடுத்துச் சொல்பவர் குறைவு. ஹாரிசன் வீட்டு 370 லிட்டரைக் குளிர்ந்த கிணற்று நீரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 130 மெகாஜூல் வெப்பம் வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 15 மெகாஜூல் தரும். ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் ஒன்பது கிலோ விறகு போதும். திறந்த அடுப்பில் பத்தில் ஒன்பது பங்கு வீணாகும் என்று வைத்துக்கொண்டால் 90 கிலோ. ஒரே ஒரு முறை, வெறும் தண்ணீரைச் சுடவைக்க ஆகும் விறகு இது. அதற்குப் பின்னால் ஹாப்ஸோடு மணிக்கணக்கில் கொதி இருக்கிறது.

இங்கேதான் பெரிய கொப்பரைக்குச் சாதகம் பிறக்கிறது. பாத்திரம் பெருக்கப் பெருக்க அதன் கொள்ளளவு வேகமாகவும் மேற்பரப்பு மெதுவாகவும் கூடும். வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. ஒரே வடிவத்தில் 370 லிட்டர் கொப்பரை ஒன்றையும் 20 லிட்டர் பானை ஒன்றையும் எடுத்துக்கொண்டால், பானையில் லிட்டர் ஒன்றுக்கு இருக்கும் மேற்பரப்பு கொப்பரையில் இருப்பதைப் போல 2.6 மடங்கு. அதே பீரை அதே நேரம் கொதிக்கவைக்க, சிறிய பானைக்காரி லிட்டர் ஒன்றுக்கு அதிக விறகு எரித்தாக வேண்டும். செங்கல் கட்டி நெருப்பை அடக்கிய உலை இருந்தால் இழப்பு குறையும். ஆனால் அதைக் கட்ட இடமும் முதலும் வேண்டும். வாரம் ஒருமுறை இரண்டு பானை ஏல் காய்ச்சி விற்ற விதவைக்கு அந்த முதல் எங்கிருந்து வரும்? லண்டனிலும் துறைமுக ஊர்களிலும் கொப்பரை பெரிதான அளவுக்கு, காய்ச்சுபவர்களில் பெண்களின் எண்ணிக்கை சுருங்கியது. 1600 வாக்கில் இந்தத் தொழில் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போய்விட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெண்கள் வெளியேறியதற்குக் காரணம் கொப்பரை இல்லை. கடன் வாங்கும் உரிமை, ஒப்பந்தம் போடும் உரிமை, காய்ச்சுவோர் சங்கத்தில் இடம் ஆகியவை மணமான பெண்ணுக்கு மறுக்கப்பட்டதுதான் காரணம் என்று பென்னெட் வாதிடுகிறார். அந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. கடன் எதற்காக வேண்டியிருந்தது என்று ஒரு படி கீழே இறங்கிக் கேட்கிறேன், அவ்வளவுதான். பானையில் காய்ச்சிய காலத்தில் கடனில்லாமலே தொழில் நடந்தது. கொப்பரையும் உலையும் விறகுக் குவியலும் தேவைப்பட்ட பிறகுதான் கடன் கிடைக்காதவர் வெளியே நிற்க வேண்டி வந்தது. சட்டம் போட்ட வேலியை அடுப்பு உயர்த்திக் கட்டியது.

இன்னொரு மறுப்பு வரியைப் பற்றியது. வீட்டு பீரைக் கொன்றது வரிதான் என்று இங்கிலாந்தில் பலர் நம்பினார்கள். அவர்களில் உரக்கப் பேசியவர் எழுத்தாளர் வில்லியம் காபெட். 1821, 1822-இல் பகுதி பகுதியாக வெளியிட்ட குடிசைப் பொருளாதார நூலில், ஒரு தலைமுறைக்கு முன்னால் கூலித் தொழிலாளி வீடுதோறும் பீர் காய்ச்சினார்கள், மால்ட் வரி வந்து அதைக் கெடுத்தது, இப்போது தேநீர் குடித்து வீணாகிறார்கள் என்று கொதித்து எழுதினார். தேநீருக்கு ஆகும் செலவில் தினம் தினம் மூட்டும் அடுப்பின் செலவையும் சேர்த்துக் காட்டினார். வெப்பம் காசு என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் அவருடைய வரிக் காரணம் முழுதாக நிற்கவில்லை. 1830-க்கு முன்பு பீர் மீதான வரி விற்பனைக்குக் காய்ச்சுபவர்மேல் மட்டும்தான். தன் வீட்டுக்குக் காய்ச்சியவர் மால்ட்டுக்கும் ஹாப்ஸுக்கும் வரி கொடுத்தால் போதும். அதாவது சட்டம் வீட்டு பீருக்கு ஒரு சலுகையே தந்திருந்தது. அந்தச் சலுகை இருந்த காலத்திலேயே கூலித் தொழிலாளிகள் காய்ச்சுவதை விட்டார்கள். அதே காலத்தில் பெரிய பண்ணை வீடுகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பீர் காய்ச்சுவது தொடர்ந்து நடந்தது. இரண்டு தரப்புக்கும் மால்ட் வரி ஒன்றுதான். ஒரு தரப்பிடம் கொப்பரையும் சொந்தக் காட்டு விறகும் இருந்தன. மறு தரப்பு, பொது நிலங்களை வேலியடைத்த பிறகு சுள்ளி பொறுக்கவும் இடமில்லாமல் நின்றது.

காபெட்டின் நூலில் இன்றைக்கும் உதவும் வரி ஒன்று இருக்கிறது. 36 கேலன் பீர் வேண்டுமானால் கொப்பரை 40 கேலனாவது கொள்ள வேண்டும் என்கிறார். ஹாப்ஸுக்கு இடம் வேண்டும், ஆவியாகப் போகிற நீருக்கும் இடம் வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் சரியான வரிசை இதில் இருக்கிறது: எவ்வளவு பீர் வேண்டும் என்பது முதலில், ஆவியாவது எவ்வளவு என்பது அடுத்து, பாத்திரம் மூன்றாவதாக. ஹாரிசன் வீட்டில் உலை முதலில் இருந்தது, பீர் அதற்குக் கட்டுப்பட்டது. காபெட் அதைத் திருப்பிப் போட்டார். ஆனால் அவருடைய வாசகர்களில் பெரும்பாலோருக்கு 40 கேலன் கொப்பரை எட்டாக் கனி.  10 லிட்டர் காய்ச்சலாம் என்ற எண்ணமே அந்தக் காலத்தில் எழ வழியில்லை. அவ்வளவு சிறிய அளவுக்கு விறகடுப்பு மூட்டி நாள் முழுக்க நிற்பது எவருக்கும் கட்டுப்படியாகாது.

அதைக் கட்டுப்படியாக்கியது சமையலறைக் காஸ் அடுப்பும் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டும். சட்டமும் மெதுவாக வழிவிட்டது. பிரிட்டனில் 1880-இல் மால்ட் வரியை எடுத்தபோது வீட்டில் காய்ச்சுபவருக்கு உரிமம் கட்டாயமாயிற்று. 1963-இல் அந்த உரிமம் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு போன பிறகும் வீட்டு பீர் சட்டத்துக்குப் புறம்பாகவே இருந்தது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதை மாற்றியது. ஒரே பொழுதுபோக்கு இரு நாட்டிலும் வளர்ந்தது. ஆனால் வளர்ந்த விதம் வேறு, அந்த வேற்றுமையை வகுத்தது மின்சாரம். பிரிட்டிஷ் பிளக்கில் 13 ஆம்பியர், 230 வோல்ட். ஏறத்தாழ 3 கிலோவாட் எடுக்கலாம். அமெரிக்க வீட்டின் சாதாரண பிளக்கில் 15 ஆம்பியர், 120 வோல்ட்; தொடர்ந்து மணிக்கணக்கில் எடுப்பதானால் 1.44 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும் என்பதால், பாத்திரத்தின் சுவர் வழியாக வெப்பமே வெளியேறாது என்று வைத்துக்கொண்டாலும் 1.44 கிலோவாட்டில் மணிக்கு 2.3 லிட்டருக்கு மேல் ஆவியாகாது. 27 லிட்டர் சாறு அந்தச் சூட்டில் முனகுமே தவிரத் துள்ளிக் கொதிக்காது. வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றி டேவ் லைன் 1974-இல் எழுதிய நூல் பரவிய பிரிட்டனில், ஹீட்டர் பொருத்திய வாளியும் தேநீர்க் கொதிகலனும் வீட்டு பீரின் அடையாளமாயின. அதே பொருளில் சார்லி பபாசியன் 1984-இல் எழுதிய நூல் பரவிய அமெரிக்காவிலோ, தொடங்குபவர்கள் மால்ட் பாகு வாங்கிக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கொதிக்கவைத்து மீதிக்குப் பச்சைத் தண்ணீர் கலந்தார்கள். முழு அளவும் கொதிக்க வேண்டும் என்றவர்கள் வான்கோழி பொரிக்கும் பெரிய காஸ் அடுப்பை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டார்கள். கெட்டிச் சாற்றில் ஹாப்ஸின் கசப்பு சரியாக இறங்காது, நிறமும் கறுக்கும். அந்தக் காலத்து அமெரிக்க வீட்டு பீரின் சுவையில் 120 வோல்ட்டுக்குப் பங்கு உண்டு என்று தயங்காமல் சொல்லலாம்.

இரு நாட்டுக்கும் பொதுவாக நிலைத்த அளவு ஐந்து கேலன். பிரிட்டிஷ் கேலனில் அது 23 லிட்டர், 40 பைண்ட். அமெரிக்க கேலனில் 19 லிட்டர். கடையில் கிடைத்த கண்ணாடி நீர்க்குடுவையும் குளிர்பான உருளையும் அந்த அளவில்தான் இருந்தன. சேமிக்கும் பாத்திரம் தந்த இந்த அளவை அடுப்பு தாங்குமா என்று பார்க்காமல் ஒரு தலைமுறை அதைப் பின்பற்றியது. தாங்காதபோது அடுப்பைப் பெரிதாக்கியது. நகரத்து அடுக்கு வீடுகளில் இருப்பவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். 2000-களின் நடுவில் ஆஸ்திரேலியர்கள் பரப்பிய, மால்ட்டைத் துணிப்பையில் கட்டி ஒரே பாத்திரத்தில் ஊறவைத்துக் கொதிக்கவைக்கும் முறை, 5 லிட்டரையும் 10 லிட்டரையும் வீட்டு அடுப்பிலேயே சாத்தியமாக்கியது.

சிறு அளவுக்கும் பெரிய ஹீட்டரே இருக்கட்டுமே, வேண்டும்போது குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர் உண்டு. அறிவுரைகளில் இதுவே அதிகம் கேட்பது. நான் இதை ஏற்கவில்லை. 3 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு 4.8 லிட்டர்வரை ஆவியாக்கும். 5 லிட்டர் சாற்றை அதில் ஒரு மணி நேரம் விட்டால் அடியில் கருகிய பாகுதான் மிஞ்சும். தெர்மோஸ்டாட் போட்டு இடைவிட்டு எரியவிட்டாலும், எரிகிற ஒவ்வொரு கணமும் காயிலை ஒட்டிய சர்க்கரை கருகும். ஊறல் 67 டிகிரியில் நிற்க வேண்டிய நேரத்தில் 72-க்குத் தாவும். திறனைப் படிப்படியாகக் குறைக்கும் கட்டுப்பாடு உள்ள கருவி இந்தக் குறையில் பாதியைத் தீர்க்கும். மறுபாதி பாத்திரத்தின் வாயகலத்தில் இருக்கிறது. ஆவி கிளம்புவது வாய் வழியாக. அகன்ற பாத்திரத்தில் 5 லிட்டரைக் கொதிக்கவைப்பது, கல்யாண வீட்டு அண்டாவில் நாலு பேருக்குச் சோறு பொங்குவது போல. சூடு மட்டுப்பட்டாலும் கஷ்டம்தான். பார்லி மால்ட்டில் வெந்த சோளத்தின் வாடை தரும் டைமெத்தில் சல்பைடு உண்டாகும். திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதித்தால்தான் அது ஆவியோடு போகும். மூடியைப் போட்டுக் கொதிநிலையைப் பிடித்துவைப்பவரின் பீரில் அந்த வாடை தங்கிவிடும்.

கொதிக்கவைக்கவே வேண்டாம் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மேற்கு நார்வேயின் பல பண்ணைகளிலும் பின்லாந்தின் சாத்தி பீரிலும் சாற்றைக் கொதிக்கவைக்காமல் நுரைக்க விடும் மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. அருமையான மரபு அது, பழைய ஏலுக்கு நெருங்கிய உறவு. சின்ன அடுப்பே போதும். ஆனால் அந்த பீர் புதிதாக இருக்கும்போதே குடித்துத் தீர்க்க வேண்டியது. திருமணம், கிறிஸ்துமஸ் என்று ஊர் கூடும் நாளுக்காகக் காய்ச்சப்பட்டது. பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்க நினைப்பவருக்குக் கொதியைத் தவிர வழியில்லை.

தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால், கீழே சொல்வது லண்டனிலும் மெல்போர்னிலும் டொரன்டோவிலும், அதற்கு இடமுள்ள மற்ற ஊர்களிலும் வாழ்பவர்களுக்கு. 10 லிட்டர் பீருக்கு 13 லிட்டர் சாற்றில் தொடங்க வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டர் அதை ஊறல் சூட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் கொதிக்கு ஏற்றும். துள்ளும் கொதியையும் தாங்கும். பொங்கி வழியாமலிருக்கப் பாத்திரம் 17, 18 லிட்டர் கொள்ளட்டும். 5 லிட்டருக்கு 1 கிலோவாட் போதும். 23 லிட்டர்தான் வேண்டுமென்றால் 3 கிலோவாட்டுக்குக் குறைந்து இறங்காதீர்கள். வீட்டு மின்கம்பி அதைத் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டரில் எரியும் வெளியிட காஸ் அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள்ளோ மூடிய கராஜிலோ பற்றவைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். டொரன்டோவின் சாதாரண 120 வோல்ட் பிளக்கை நம்பியிருப்பவருக்கு என் தீர்ப்பு, 23 லிட்டர் ஆசையை விட்டுவிட்டு 8 லிட்டரில் தொடங்குங்கள் என்பதே.